நன்கு தெரிந்த ஐந்து பேர்

டோக்கன் அக்காவைத் தெரியாது என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. போன வருஷம் வரைக்கும் அப்படித்தான்.

டாக்டரின் கிளினிக்கில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவள் வேலை. கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த புதிதில் போய் உட்கார்ந்தவள், மகள் காலேஜ் போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வந்தால், வரிசையை மறந்துவிட்டு அவளை முதலில் உள்ளே அனுப்புவாள். யாராவது முறைத்தால், "உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும், அப்ப உங்களையும் அனுப்புறேன்" என்பாள். அது ஆறுதலா சாபமா என்று பிடிபடாமல் முறைத்தவர் போய் உட்கார்ந்துவிடுவார்.

வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கண்ணாடிக்கு உள்ளே கேட்டது எதுவும் வெளியே வராது. யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுக்குத் தெரியாமல் வந்து ஊசி போட்டுக்கொண்டு போனார் என்பதெல்லாம் அவள் வயிற்றோடு சரி. போனில் யாராவது எங்க மாமா அங்கே வந்தாரா என்று கேட்டால், மாமாவே எதிரில் உட்கார்ந்திருந்தாலும், அதெல்லாம் சொல்வதில்லை என்று வைத்துவிடுவாள். டாக்டர் போட்ட சட்டம் அது. அவரைவிடக் கறாராக அதைக் காப்பாற்றியவள் இவள். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் அந்தச் சட்டம்தான் இவள் கழுத்தைப் பிடித்தது.

குடியிருந்தது ஒரு மாடி வீட்டில். கீழே வீட்டுக்காரம்மா, தனி ஆள், முழங்கால் வலிக்காரி. மாடிப்படி பக்கத்துச் சந்தில் இருந்தது, ஒரு கம்பிக் கதவுக்கு உள்ளே. அந்தக் கதவில் ஒரு பூட்டு தொங்கும். அதைப் பூட்டியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. வீட்டுக்காரம்மாவால் படி ஏற முடியாது. அதனால் மேலே இருப்பவர்களோடு பேச வேண்டும் என்றால் கரண்டியால் கம்பியைத் தட்டுவாள். இவள் தரையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினால் வருகிறேன் என்று அர்த்தம்.

இவள் கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் இராப்பணி. பகலெல்லாம் தூங்கி மதியம் தாண்டி எழுவார். எழுந்ததும் குழாயைத் திறப்பார். திறந்ததும் கீழ்வீட்டுச் சுவருக்குள் போகிற பழைய பைப் கடகடவென்று உதறும். அதைக் கேட்டே வீட்டுக்காரம்மா மணி சொல்லிவிடுவாள். "ரொட்டிக்காரர் எழுந்தாச்சு, அரிசி களையணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுவாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கு தப்பியதில்லை.

டாக்டருக்கு வயதாகிவிட்டது. கை நடுங்க ஆரம்பித்ததும், இந்த வருஷத்தோடு கிளினிக்கைச் சாத்திவிட்டு மூத்த மகனோடு போய் இருக்கப்போவதாக ஒரு நாள் காலையில் சொன்னார். டோக்கன் அக்கா சிரித்துக்கொண்டே சரி டாக்டர் என்றாள். வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த வயதில் யார் புதிதாக வேலை கொடுப்பார்கள்? ரொட்டிக்காரர் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் ஓடிவிடும். காலேஜ் ஓடாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்கள் என்று மகள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். சில மாத வேலை. ஆனால் முடித்தவர்களுக்கு அரசாங்க முத்திரையோடு ஒரு சான்றிதழ் தருவார்களாம். அது கையில் இருந்தால் கணக்கெடுப்பு அலுவலகத்திலேயே ஒப்பந்த வேலைக்கு முன்னுரிமை, வயது பார்க்க மாட்டார்கள். கதவைத் தட்ட வேண்டும், எத்தனை பேர் என்று கேட்க வேண்டும், எழுத வேண்டும். "இதுக்குப் பரீட்சை வேற வைப்பாங்களா?" என்று சிரித்தாள் டோக்கன் அக்கா. ஆளைப் பார்த்ததும் என்ன நோய் என்று சொல்லிவிடுகிறவளுக்கு இது ஒரு வேலையா?

ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. ஆள் எடுப்பது அரசாங்கம் இல்லை. அரசாங்கம் அதை ஒரு கம்பெனியிடம் கொடுத்திருந்தது. அந்தக் கம்பெனி விண்ணப்பம் வாங்குவதை இன்னொரு கம்பெனிக்குத் தள்ளியிருந்தது. விசாரிப்பதை மூன்றாவது ஒன்று எடுத்திருந்தது. கடைசியில் யார் சார்பாகப் பேசுகிறோம் என்று போனில் பேசுகிற பிள்ளைகளுக்கே தெரியாது. கையைக் கழுவுவதற்கு இத்தனை தொட்டி கட்டிவைத்ததைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் கதையைச் சொல்கிறேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் தெருவில் உங்களை நன்கு அறிந்த ஐந்து பேர், அவர்களுடைய போன் எண்களோடு. மற்ற ஊர்க்காரர்கள் இதில்தான் திணறியிருப்பார்கள். மகள், யாரும்மா போடலாம் என்று கேட்டதற்கு, "யாரை விடலாம்னு கேளு" என்றாள் அவள். கர்வம்தான். பேர் கெடாமல் வாழ்ந்துவிட்டோம் என்பது அவளுடைய ஒரே சொத்து. அதைச் செலவு பண்ண ஒரு இடம் கிடைத்துவிட்டது. டாக்டர், தையல்காரர், எதிர்வரிசையில் இருக்கிற ரிட்டயர் ஆன கணக்கு சார், மளிகைக் கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர் என்று ஐந்து பேரைச் சொன்னாள்.

மறுநாளே வீட்டுக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரண்டிச் சத்தம் நின்றது. விஷயம் என்னவென்று விசாரித்தால், மாடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிற என்னை விட்டுவிட்டு எவனோ சைக்கிள் கடைக்காரனைப் போட்டிருக்கிறாளே என்று தையல்காரரிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறாள். டோக்கன் அக்கா பதறிப் போய்ச் சைக்கிள் கடையை எடுத்துவிட்டு வீட்டுக்காரம்மா பெயரைப் போடச் சொன்னாள். அன்றைக்கே கரண்டி மறுபடி தட்டியது. "அரசாங்கத்துல இருந்து என்னைத்தான் கேக்கப் போறாங்க" என்று வீட்டுக்காரம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டாள். சைக்கிள் கடைக்காரர் ஒருவர்தான் அந்த ஆபத்திலிருந்து தப்பினார். அது அப்போது அவருக்கும் தெரியாது.

முதல் சுற்றுப் போன்கள் நல்லபடியாகவே போயின. தையல்காரர், தங்கமான மனுஷி என்றார். கணக்கு சார் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லி, அதைத் தெருவில் தமிழில் திருப்பிச் சொன்னார். மளிகைக் கடைக்காரர், என் கடையில் பாக்கி வைக்காத ஒரே வீடு என்றார். வீட்டுக்காரம்மா பேசிய பேச்சில் போனில் இருந்த பெண்ணே சிரித்துவிட்டாளாம். மிச்சம் டாக்டர்.

"உன்னைப் பத்தி யாரோ போன் பண்ணிக் கேட்டாங்கம்மா" என்று டாக்டர் அன்று மதியம் பெருமையாகச் சொன்னார். "நான் ஒரு வார்த்தை வாயைத் திறக்கலையே. என்கிட்ட வர்றவங்களைப் பத்தி நான் எதுவும் சொல்றதில்லைன்னு போனை வச்சிட்டேன்."

டோக்கன் அக்காவுக்குக் கையிலிருந்த டோக்கன் கட்டைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அது என் வேலைக்காகக் கேட்டது, டாக்டர், நீங்கள் நல்ல வார்த்தை சொல்ல வேண்டியது என்று விளக்கினாள். அவர் அடடா என்று நெற்றியில் தட்டிக்கொண்டு அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தார். இந்த எண் அழைப்புகளை ஏற்பதில்லை என்றது ஒரு குரல். மறுபடி அடித்தார். அதே குரல், அதே பொறுமை.

மகளின் போனில் விண்ணப்பத்தின் நிலை மாறியிருந்தது. 'சரிபார்க்கப்படுகிறது' என்று இருந்த இடத்தில், 'மறு விசாரணை: உடல்நலம்' என்று இருந்தது. ஒரு டாக்டர் பேச மறுத்தால் அது நோயாளியைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயோ ஒரு மேஜையில் யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள். தப்பு என்று சொல்லவும் முடியாது. டோக்கன் அக்காவே அந்த மேஜையில் இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள். கம்பெனி அலுவலகம் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே இருந்தது. படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒருவனுக்குத் தேர்வாகிவிட்டீர்கள் என்று மெசேஜ் வந்து, பயிற்சிக்குப் போனால் மண்டபம் பூட்டிக் கிடந்ததாம். இன்னொருத்திக்கு அவள் ஊரே இல்லாத ஊரில் வேலை போட்டிருந்தார்கள். முன்னால் நின்ற ஒரு நெட்டைப் பையன், இருந்த டெலிவரி வேலையை இதை நம்பி விட்டுவிட்டு, ஒரே போட்டோவை நான்கு தடவை அனுப்பிவிட்டு, முகம் சரியாகத் தெரியவில்லை என்ற பதிலோடு நின்றான். "என் மூஞ்சே இதுதான்க்கா, இதுக்கு மேல எப்படித் தெரியும்" என்றான். டோக்கன் அக்கா சிரித்தாள். அந்தப் படிக்கட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை. சத்தம் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சத்தம் போட்டவர்களின் விண்ணப்பம் காணாமல் போகிறது என்று ஒரு பேச்சு இருந்தது.

மேலே இருந்த பெண் இவள் சொன்னதை எல்லாம் கேட்டாள். பிறகு, "நாங்க விண்ணப்பம் வாங்கறது மட்டும்தான் மேடம். விசாரிக்கறது வேற கம்பெனி. அவங்க யார்னு எங்களுக்குத் தெரியாது" என்றாள். பொய் இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஆயிரம் பேரைப் பார்த்தவளுக்கு அது தெரிந்துவிட்டது. கோபப்படக்கூட ஆள் இல்லாமல் இறங்கி வந்தாள்.

இரண்டாம் சுற்று வேறு குரலில் வந்தது. ஆரம்பத்திலேயே, இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது, தவறான தகவலுக்கு நீங்களும் பொறுப்பாவீர்கள் என்று ஒரு அறிவிப்பு. அதற்குப் பிறகு கேள்விகள். அவருக்கு என்ன நோய்? எவ்வளவு நாளாக? வீட்டில் மற்றவர்களுக்கு இருக்கிறதா? பகலில் அந்த வீட்டில் ஒரு ஆண் தூங்குவதாகத் தெரிகிறதே, அவர் யார்? நீங்கள் நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா?

தையல்காரர் பொய் பேசாதவர். சமீபத்தில் இளைத்திருக்கிறாரா என்று கேட்டார்கள். போன மாதம் ஜாக்கெட் இரண்டைப் பிடித்துத் தரச் சொல்லிக் கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. ஆமாம், இளைத்துத்தான் இருக்கிறார் என்றார். அவள் இளைத்தது இந்த வேலை கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலையில். அதற்கு அந்தக் கேள்வியில் இடம் இல்லை. போனை வைத்த பிறகு அவருக்கே யோசனை வந்தது. அளவு ஏன் குறைந்தது? கிளினிக்கில் உட்காருகிறவள், எதையாவது ஒட்டவைத்துக்கொண்டு வந்திருப்பாளோ? அன்று சாயங்காலம் மளிகைக் கடையில் இதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். சும்மா சொன்னதுதான். அங்கே வீட்டுக்காரம்மாவும் நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு தெருவில் ஒவ்வொன்றாக மாறியது. பெரிய மாற்றம் எதுவும் இல்லை, சொல்லிக் காட்டினால் சின்னப் புத்தி என்பார்கள். மளிகைக் கடைக்காரர் பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்து நகர்த்தினார். தையல்காரர், இப்போது கை ஒழியவில்லை என்று துணியை வெட்டாமலே திருப்பித் தந்தார். கணக்கு சார் மாடி ஜன்னலில் நின்று, இவள் கிளினிக்குக்குப் போவதையும் வருவதையும் பார்த்தார். நாளைக்குக் கேட்டால் பதில் வேண்டுமே என்பது அவர் நியாயம். கெட்டவர்கள் யாரும் இல்லை. பயந்தவர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நானும் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் சந்தில் நின்றுவிட்டாள். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. கரண்டிக்குப் பதில் இவள் கையால் கம்பியைத் தட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்காரம்மா வந்து, ஒரு சாவியைக் கம்பி இடுக்கில் வைத்துவிட்டு, அவள் எடுக்கிற வரைக்கும் தள்ளி நின்றாள்.

"என்னம்மா இது புதுசா?" என்றாள் டோக்கன் அக்கா.

"காலம் கெட்டுக் கிடக்கு. பூட்டி வைக்கறது நல்லதுதானே."

"என்கிட்ட என்ன கோபம்? நேரா சொல்லுங்க."

வீட்டுக்காரம்மாவுக்குக் கண் கலங்கியது. "உன்மேல நான் ஒரு தப்பும் சொல்லலை. சத்தியமா சொல்லலை. ஆனா ஒவ்வொரு தடவையும், உறுதியா தெரியுமான்னு கேக்கறாங்க. முதல்ல தெரியும்னேன். மறுபடி கேட்டாங்க, அப்பவும் தெரியும்னேன். அப்புறம் உக்காந்து யோசிச்சேன். நான் மாடி ஏறி எத்தனை வருஷம் ஆச்சு? மேல நீங்க என்ன செய்யறீங்கன்னு நான் வந்தா பார்த்தேன்? எனக்கு என்ன தெரியும்?"

டோக்கன் அக்கா அந்தச் சாவியால் பூட்டைத் திறந்துகொண்டு படி ஏறினாள்.

ரொட்டிக்காரர் விட்டுத் தள்ளு என்றார். இந்த வேலை இல்லாவிட்டால் வேறு வேலை, விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடு என்றார். மகள் தேடித் தேடிப் பார்த்தாள். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்க வழி எதுவும் அதில் வைக்கப்படவில்லை. வைத்திருந்தாலும் டோக்கன் அக்கா வாங்கியிருக்க மாட்டாள். "இப்ப விட்டா, அவங்க நினைக்கறது எல்லாம் நிஜம்னு ஆயிடும்" என்றாள். வேலை, சான்றிதழ் எல்லாம் அவளுக்குப் பின்னால் போய்விட்டது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்தத் தெருவில் ஒரு தடவை நடக்க வேண்டும். அரசாங்கமே விசாரித்து, இவள் நல்லவள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறது என்று ஐந்து பேரும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டும். இழந்த பேரை இழந்த இடத்திலேயே திரும்ப எடுத்துவிடலாம் என்று நம்பினாள், பாவம்.

விசாரித்த கம்பெனியின் ஒப்பந்தம் நடுவில் முடிந்தது. புதிதாக வந்த கம்பெனி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மரச்சாமான் கடை மாடியில் பலகை மாறியிருந்தது, உள்ளே வேறு முகங்கள், படிக்கட்டில் மட்டும் அதே ஆட்கள். மூன்றாம் சுற்றில் கேட்டது ஒரே கேள்விதான். முன்பு நீங்கள் சொன்னதில் ஏதாவது மாற்ற விரும்புகிறீர்களா?

அந்தக் கேள்வியில் ஒரு மிரட்டலும் இல்லை. குரல்கூட இனிமையாக இருந்ததாம். ஆனால் மாற்றச் சொல்கிறார்கள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கணக்கு சார், எனக்குத் தெரிந்தவரை என்று ஆரம்பித்து, அவ்வளவாகப் பழக்கமில்லை என்று முடித்தார். மளிகைக் கடைக்காரர், கடைக்கு வருகிறவர்களில் ஒருத்தர் என்றார். தையல்காரர், பார்த்தால் அடையாளம் தெரியும் என்றார். உடம்பின் அளவெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த மனுஷன். வீட்டுக்காரம்மா என்ன சொன்னாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் மட்டும் இந்தத் தடவை வாய் நிறையப் புகழ்ந்தார். அதற்குள் கிளினிக் சாத்தியாகிவிட்டது. இப்போது எந்தக் கிளினிக்கும் நடத்தாத ஒருவரின் சான்று ஏற்கப்படாது என்று பதில் வந்தது.

இதற்கு மேல் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? வேலை கிடைத்தது. யாருக்கும் புரியாத ஒரு காலை வேளையில், தேர்வாகிவிட்டீர்கள், பயிற்சிக்கு வரவும் என்று மெசேஜ் வந்தது. விசாரணை எதற்கு, அதன் முடிவு என்ன, அதை யாராவது படித்தார்களா என்று கேட்க ஆள் இல்லை. நாள் நெருங்கிவிட்டது, ஆள் பற்றவில்லை, எல்லோரையும் எடுத்துக்கொண்டார்கள் என்று நெட்டைப் பையன் பயிற்சி மண்டபத்தில் சொன்னான். அவன் முகமும் கடைசியில் தெரிந்துவிட்டது போல. இத்தனை பேரைப் பயமுறுத்திவிட்டு அந்த விசாரணை ஏட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் டோக்கன் அக்காவுக்குத் தெரிந்தது.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் யாரும் பேச முன்வராவிட்டால் பக்கத்து வீட்டாரிடமோ கீழ்வீட்டாரிடமோ கேட்க வேண்டும். அவர்களும் தெரியாது என்றால் ஆளில்லாத வீடு என்று குறிக்க வேண்டும். கணக்கெடுப்பவர் தன் சொந்த வீட்டைத் தானே எண்ணக் கூடாது. வேறு ஒருவர் வருவார். தெருவைத் தெரிந்தவரே தெருவுக்கு நல்லது என்று டோக்கன் அக்காவுக்கு அவள் தெருவையே கொடுத்தார்கள்.

அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அந்தத் தெருவில் இறங்கிய காலையில் வெயில் நன்றாக இருந்தது. முதலில் கணக்கு சார் வீடு. அவர் கதவைப் பாதி திறந்து, அட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது பதிவாகுதா?" என்றார்.

எழுதிக்கொள்வது மட்டும்தான் சார் என்றாள். வயதைக் கேட்டாள். தெருவில் எல்லோருடைய மார்க்கையும் வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருந்தவர், சான்றிதழைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், நாளைக்கு வாங்க மேடம் என்று சாத்திவிட்டார். தையல்காரர் வீட்டில், பெரியவர் வந்தால்தான் சொல்லுவோம் என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல். அது தையல்காரரின் குரலேதான். மளிகைக் கடைக்காரர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, யாருக்காகக் கேட்கறீங்க மேடம் என்று திருப்பிக் கேட்டார்.

மேடம். அக்கா என்ற வார்த்தை அந்தத் தெருவிலிருந்து எப்போது போனது என்று அவளால் சொல்ல முடியவில்லை. கேள்வி கேட்கிறவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகப் பழக்கிவிட்டிருந்தார்கள். பழகியது அவளை வைத்து. மதியத்துக்குள் சில வீடுகளை அவளே ஆளில்லாத வீடு என்று குறித்திருந்தாள், உள்ளே பேச்சுக்குரல் கேட்டும். வேறு என்ன செய்வது? சட்டம் அப்படி.

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுப் பக்கம் திரும்பினாள். சந்து முனையில் கால் நின்றது. கம்பிக் கதவுக்கு வெளியே அதே பையோடு, அதே அட்டையோடு, நெட்டைப் பையன் நின்றிருந்தான். உள்ளே பூட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா.

"மாடியில யார் இருக்காங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான் அவன்.

"எனக்குத் தெரியாது தம்பி."

"வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

"இருந்தாங்க. இப்ப இருக்காங்களான்னு உறுதியா சொல்ல முடியாது. எனக்கு அவ்வளவா பழக்கம் இல்லை."

அந்த நேரத்தில் மேலே ரொட்டிக்காரர் எழுந்திருக்க வேண்டும். சுவருக்குள் பைப் கடகடவென்று உதறியது. சந்து முழுக்கக் கேட்டது. பையன் அண்ணாந்து பார்த்தான்.

"மேல தண்ணி ஓடற சத்தம் கேக்குதேம்மா" என்றான்.

வீட்டுக்காரம்மா அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். சந்து முனையில் நிற்பவளைப் பார்த்தாள், கழுத்தில் இருந்த அட்டையையும் பார்த்தாள். டோக்கன் அக்கா அந்த முகத்தில் வெறுப்பைத் தேடினாள். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம். அங்கே இருந்தது வெறும் பயம்.

"எனக்கு எதுவும் கேக்கலை" என்றாள் வீட்டுக்காரம்மா.

பையன் அவள் சொன்னதை எழுதக் குனிந்தான். டோக்கன் அக்கா அவனைத் தாண்டிப் போய்ச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். நிமிர்ந்தவன் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "அக்கா, நீங்களா? இது உங்க வீடா?" என்றான். அந்த நாளில் அவளை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள். மேலே வா தம்பி, என் வீட்டுக்காரர் இருக்கிறார், அவரே சொல்லுவார் என்று சொல்ல நினைத்தாள். "வா" என்பது மட்டும்தான் வந்தது.

வீட்டுக்காரம்மா சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். இருவரும் தாண்டியதும் பையனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான் யாரையும் உள்ள விடலை. அதையும் எழுதிக்கோ. அவங்களா திறந்துக்கிட்டாங்க."

டோக்கன் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. படி ஏறினாள். மேலே குழாய் நின்றது. நின்றதும், பின்னால் கம்பிக் கதவு சாத்துவதும் பூட்டு விழுவதும் நன்றாகக் கேட்டன. பையன் நடுப்படியில் நின்று, வீட்டில் எத்தனை பேர் அக்கா என்று கேட்டான். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் மூன்று பேர் என்றாள்.